பந்திக்கு முன் ஒரு வாய்

மலைக்கு நடந்து போகிறவர்களுக்கு மதியச் சோறு போடும் மடம் அது. சமையற்கட்டுக்குப் பொறுப்பு பொன்னம்பலம். வயது ஐம்பத்தெட்டு. அவருக்குக் கீழே பன்னிரண்டு பேர். மடத்துத் தலைவி அம்மைக்கு நாற்பதுதான் இருக்கும். ஆனாலும் அவருக்கு அவள்தான் குரு.

அன்று பந்தி முடிந்ததும் பொன்னம்பலம் சாவிக்கொத்தை அவள் முன்னால் வைத்தார். கால் வீங்கியிருந்தது. நிற்கவே முடியவில்லை.

“என்னால ஆகாது தாயே. வேற ஆளைப் பாருங்க.”

“என்ன ஆச்சு?”

“சாம்பார்ல உப்பில்லை. மூணு நாள் நடந்து வந்த கிழவி, பாதி இலையோட எழுந்து போயிட்டா. திட்டியிருந்தாக்கூடத் தேவலை.”

“சமைச்சது யாரு?”

“சடையன். நான் பக்கத்துலதான் நின்னேன். விறகு ஈரம்னாங்க, ஓடினேன். காய் நறுக்கினது சரியில்லை, அருவாமணையைப் பிடுங்கி நானே நறுக்கினேன். தண்ணிக்கும் நானே, அடுப்பு ஊதவும் நானே. ஒருத்தனும் தானா செய்ய மாட்டேங்கிறான்.”

பொய்யில்லை. விடியுமுன் எழுந்தால் பந்தி முடியும்வரை அவர் கால் ஓரிடத்தில் நிற்காது. ஊர்ப்பட்ட வேலையை இழுத்துத் தலையில் போட்டுக்கொள்வார். அப்புறம் தலை கனக்கிறது என்பார்.

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. பந்திக்கு மணி அடிக்குமுன் பொறுப்பாளர் இலை போட்டு உட்கார்ந்து, எல்லாவற்றிலும் ஒரு வாய் சாப்பிட வேண்டும். குறை இருந்தால் அவர் நாக்கோடு நின்றுபோகட்டும் என்று முன்னோர் வைத்த ஏற்பாடு.

“இன்னைக்கு இலை போட்டீங்களா?”

“அதுக்கு நேரம் ஏது தாயே?”

பொறுப்பேற்ற மூன்று வருஷமாகவே அவருக்கு நேரமில்லை. அம்மையும் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டாள்.

“இந்தப் பன்னிரண்டு பேரை எப்படி நடத்துறதுன்னு சொல்லுங்க. இல்லேன்னா சாவியை எடுத்துக்குங்க.”

“நாளைக்குச் சொல்றேன். நாளைக்கு மணிக்கு முன்னாடி இலை முன்னால உட்காருங்க. வேற எதையும் தொடாதீங்க.”

மறுநாள் உட்கார்ந்தார். அடுப்பு புகைந்தது. எழப் போனவர், பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். யாரோ ஊதினார்கள், புகை அடங்கியது. தன்னை யாரும் கூப்பிடவில்லையே என்று மனசு வேறு நொந்தது.

சடையன் பரிமாறினான். பொன்னம்பலம் ரசத்தை வாயில் வைத்தார்.

“உப்பு.”

சடையன் முகம் சுண்டிப்போயிற்று. ஓடிப்போய்ப் போட்டுக் கலக்கி, மறுபடி ஊற்றினான். பொன்னம்பலம் தலையாட்டினார். பிறகுதான் மணி அடித்தார். அன்று ஒரு இலையிலும் சோறு மிஞ்சவில்லை.

பந்தி முடிந்து அம்மையிடம் போனார். அவள் சுவரில் சாய்ந்து கண் மூடியிருந்தாள். சாவிக்கொத்து நேற்று வைத்த இடத்திலேயே கிடந்தது.

“தாயே, பன்னிரண்டு பேரை நடத்துற வழியைச் சொல்றேன்னீங்களே.”

அவள் கண்ணைத் திறக்கவில்லை.

“பன்னிரண்டு பேரையா? ஒருத்தரை ஒரு இலை முன்னால உட்கார வைக்கவே எனக்கு மூணு வருஷம் ஆயிருக்கு, பொன்னம்பலம்.”

அவர் குனிந்து சாவியை எடுத்துக்கொண்டார்.