சாய்த்து வைத்த டிவியில் ஒரு கல்யாணம்

கோணாங்குளத்தில் புத்திசாலிகளே கிடையாது என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பிவிடாதீர்கள். மூன்று பேர் இருந்தார்கள். மூவரும் ஒரே கடையில் வேலை பார்த்ததால்தான் ஊரின் மற்ற இடங்களுக்குப் புத்தி போதாமல் போய்விட்டது.

கடையின் பெயர் வான்மதி வீடியோ. முதலாளி பலவேசம். கேமரா பிடிப்பவன் கொம்பையா. எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, வெட்டி ஒட்டி, டிவிடியாகப் போட்டுத் தருபவன் தளவாய். மூவரில் பலவேசத்துக்கு மட்டும் அப்போது ஒரு கவலை இருந்தது. கருப்பட்டி மண்டி பிச்சையாவின் இளைய மகள் பிரமுவை அவன் பெண் கேட்டிருந்தான். பிச்சையா மாட்டேன் என்று சொல்லவில்லை. மூத்தவள் கல்யாணத்தை நீ எப்படிப் படம் பிடிக்கிறாய் என்று பார்ப்போம், அப்புறம் இளையவள் கல்யாணத்தைப் பேசுவோம் என்று சொல்லியிருந்தார்.

அதற்காகவே பலவேசம் அகலப் படம் எடுக்கிற புதுக் கேமரா ஒன்று வாங்கினான். கொம்பையாவிடம் அவன் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: அகலத்தை வீணாக்கிவிடாதே. கொம்பையா சொன்ன சொல் தட்டாதவன். மாப்பிள்ளையை மணவறையின் இந்தக் கோடியிலும், பெண்ணை அந்தக் கோடியிலும் உட்காரவைத்தான். சொந்தக்காரர்களையும் பாதிப் பாதியாகப் பிரித்து இரண்டு ஓரத்துக்கும் அனுப்பினான். நடுவில் குத்துவிளக்கு மட்டும் நின்றது.

பிச்சையா வீட்டு டிவி பழைய காலத்துப் பெட்டி, முகம் சதுரம். டிவிடியைப் போட்டதும் அகலப் படம் முழுவதும் அந்தச் சதுரத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு புகுந்தது. மாப்பிள்ளை முருங்கைக்காய் போல வந்தார். நாதஸ்வரக்காரர் எது, நாதஸ்வரம் எது என்று தெரியவில்லை. பிச்சையாவோ ஊரிலேயே பெரிய உடம்புக்காரர், அந்த உடம்பில் அவருக்குப் பெருமையும் உண்டு. படத்தில் தான் வந்த இடத்தில் நிறுத்தச் சொல்லி, எழுந்து போய்த் திரையில் தன் வயிற்றை விரல் வைத்து அளந்தார். இரண்டு விரல்கடைதான் இருந்தது.

"நாப்பது வருசமா சோறு போட்டு வளத்த உடம்புடே இது. எங்க கொண்டு போட்டுட்டு வந்திய?" என்றார். "வெள்ளிக்கிழமை மறுபடியும் போட்டுக் காட்டு. என் அகலம் எனக்குத் திரும்பி வந்தா பொண்ணைப் பத்திப் பேசுவோம். இல்லன்னா அவளுக்கு வேற எடம் வந்திருக்கு."

கதவோரம் நின்ற பிரமு பலவேசத்தை ஒரு பார்வை பார்த்தாள். அவளை விட்டுவிட்டு வேறொருத்தியைக் கட்டுவதை அவனால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. வேறு எதையும் நினைத்துப் பார்க்கவும் அவனுக்குப் பழக்கமில்லை.

கடைக்கு வந்ததும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மூவரும் யோசனையில் உட்கார்ந்தார்கள்.

"பஸ்ஸுல கூட்டம் ஏறினா என்ன ஆகும்?" என்று கேட்டான் கொம்பையா.

"நெருக்கும்," என்றான் தளவாய்.

"நெருக்கினா ஆளு ஒடுங்குவான். ஒரு பத்துப் பேரு எறங்கிட்டா?"

தளவாய்க்குச் சட்டென்று விளங்கிவிட்டது. மாப்பிள்ளையின் தாய்மாமன் குடும்பத்தை அப்படியே படத்திலிருந்து வெட்டி எடுத்தான். பாவம், பெரிய குடும்பம், ஒரு பகல் முழுக்கப் பிடித்தது. கடையில் இருந்ததும் பிச்சையா வீட்டைப் போலச் சதுர டிவிதான். போட்டுப் பார்த்தால் மிச்சப் பேர் அதே ஒல்லியில்தான் நின்றார்கள். நெருக்கத்திலேயே இருந்து பழகிவிட்டதால் இடம் கிடைத்தது அவர்களுக்கு இன்னும் தெரியவில்லை என்று கொம்பையா விளக்கம் சொன்னான். அவர்களுக்குத் தெரியும்வரை காத்திருக்கப் பலவேசத்துக்கு நேரமில்லை.

டவுனில் டிவிடி தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர் செய்யது பாய். அவருக்குப் போன் போட்டார்கள். இது அகலப் படம் என்று டிவிடியில் குறித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பிளேயருக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. தளவாய் உடனே மார்க்கர் பேனாவை எடுத்து, டிவிடியின் முதுகில் 'இது அகலப் படம்' என்று கொட்டை எழுத்தில் எழுதினான். மரியாதைக்காகக் கீழே 'இப்படிக்கு, வான்மதி வீடியோ' என்றும் சேர்த்துக்கொண்டான்.

அப்போதும் ஆட்கள் ஒல்லியாகவே வந்தார்கள். பலவேசம் பிளேயரைத் திறந்து பார்த்துத் தப்பைக் கண்டுபிடித்தான். "எழுத்து மேல இருக்கு. பிளேயரோட கண்ணு கீழ இருக்கு. எப்படிலே வாசிக்கும்?"

டிவிடியைக் குப்புறப் போட்டார்கள். படமே வரவில்லை. வாசித்துக்கொண்டிருக்கிறது, தொந்தரவு செய்யாதீர்கள் என்றான் கொம்பையா. சத்தம் காட்டாமல் பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தார்கள்.

மறுபடியும் போன். பாய் நல்ல மனிதர், பொறுமையாக இரண்டு வழி சொன்னார். மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டை விட்டால் படம் சரியாக வரும். இல்லையென்றால் இரண்டு ஓரத்தையும் வெட்டித் தள்ளிவிட்டு நடுவை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

முதல் வழிக்கு, பக்கத்தில் பைக் சீட்டுக்கு உறை தைக்கிற கடையில் கறுப்பு ரெக்சின் வாங்கி, டிவி கண்ணாடியின் மேலேயும் கீழேயும் பட்டையாக ஒட்டினார்கள். எல்லாருக்கும் தலையும் காலும் மறைந்துபோயின. ஒல்லி அப்படியே இருந்தாலும் உயரம் குறைந்துவிட்டது, இதுவே பெரிய முன்னேற்றம் என்றான் தளவாய். ஆனால் தலை இல்லாமல் மாமனாரை அடையாளம் கண்டுபிடிப்பது சிரமமாக இருந்தது. ரெக்சினைப் பிய்த்துவிட்டு இரண்டாவது வழிக்குப் போனார்கள். தளவாய் இரண்டு ஓரத்தையும் சுத்தமாக வெட்டினான். இப்போது கல்யாணம் முழுக்கக் குத்துவிளக்கு எரிந்தது. எப்போதாவது ஒரு கை வந்து எண்ணெய் ஊற்றிவிட்டுப் போயிற்று.

"வெளக்கு நல்ல அகலமா வந்திருக்குண்ணே," என்றான் கொம்பையா. அது உண்மைதான்.

"ஏலே, வெளக்கையா நான் பொண்ணு கேட்டேன்?" என்றான் பலவேசம்.

வெள்ளிக்கிழமை வந்தது. வேறு வழியில்லாமல் பழைய டிவிடியையே எடுத்துக்கொண்டு போனார்கள். பிச்சையா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். படம் ஓடியது. முருங்கைக்காய்கள் வரிசையாக வந்தன. எல்லாம் போச்சு என்று பலவேசம் தரையில் உட்கார்ந்து, முழங்கால் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டான். அப்படிச் சாய்த்துப் பார்த்தபோதுதான் அவனுக்கு விஷயம் பிடிபட்டது. பிச்சையாவின் அகலம் எங்கேயும் தொலைந்துபோகவில்லை. உயரத்துக்குள் போய் ஒளிந்துகொண்டிருந்தது.

"கொம்பையா, டிவியைச் சாய்டா," என்றான்.

மூவரும் சேர்ந்து டிவியைப் பக்கவாட்டில் படுக்கப் போட்டார்கள். பிச்சையா இப்போது திரையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை நீண்டு கிடந்தார். அவர் எழுந்து வந்து அளந்தார். இரண்டு சாண் இருந்தது. அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்துப் பலவேசத்துக்கு உயிர் வந்தது. ஒரே ஒரு சந்தேகம்தான் அவருக்கு: எல்லாரும் ஏன் படுத்திருக்கிறார்கள்?

"கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டா எவன் மாமா நிப்பான்?" என்றான் பலவேசம்.

அண்ணாச்சி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவன் மாமா என்று கூப்பிட்டதை அவர் கவனித்தார், மறுக்கவில்லை. பிரமுவைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"எனக்குச் சம்மதம்," என்றாள் பிரமு. "ஆனா என் கல்யாணப் படத்துல நான் படுத்துக் கெடக்க மாட்டேன். நின்னுக்கிட்டு இருக்கணும்."

அகலம் கிடைத்த டிவியை நிமிர்த்த பிச்சையாவுக்கு மனம் இல்லை. ஆகவே மூவரும் மறுபடியும் ஷட்டரை இறக்கி யோசித்தார்கள். நிற்கிறவர்கள் அந்த டிவியில் படுத்திருக்கிறார்கள் என்றால், படுத்திருக்கிறவர்கள் நின்றுதானே ஆகவேண்டும் என்று தளவாய் சொன்னான். ஒருவராலும் மறுக்க முடியவில்லை.

பலவேசம், பிரமு கல்யாணம் கோரைப் பாய் விரித்து, படுத்தபடியே நடந்தது. நாதஸ்வரக்காரர் மல்லாந்து ஊதினார். பிச்சையா மகள் பக்கத்தில் நிம்மதியாகப் படுத்திருந்தார். கொம்பையா பந்தல் உச்சியில் தொற்றிக்கொண்டு மேலேயிருந்து படம் எடுத்தான். அகலத்தை வீணாக்கக் கூடாது என்பதை அவன் மறக்கவில்லை. பெண்ணின் தலை இந்தக் கோடியில், மாப்பிள்ளையின் தலை அந்தக் கோடியில், இருவர் பாதமும் நடுவில் முட்டிக்கொண்டிருந்தன. பலவேசம் எழுந்து போய்த் தாலி கட்டிவிட்டு வந்து படுக்கும்வரை கொம்பையா கேமராவை நிறுத்திவைத்தான். முகூர்த்த நேரத்தில், நிற்கிற மாப்பிள்ளை அந்த டிவியில் படுத்திருப்பது போல வந்தால் பார்க்கிறவர்கள் தப்பாகப் பேசுவார்கள்.

மறுவீட்டுக்கு வந்த அன்று எல்லாரும் கூடி உட்கார்ந்து டிவிடியைப் போட்டார்கள். பிரமு கேட்டபடியே கம்பீரமாக நின்றாள். பிச்சையா பழைய உடம்பில், இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே, அவள் பக்கத்தில் நின்றார். பிரமுவின் பாதத்துக்குக் கீழே, அவள் பாதத்தோடு பாதம் ஒட்டி, பலவேசம் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தான்.

பலவேசம் எழுந்தான். வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டான். சுவரில் காலை ஊன்றித் தலைகீழாக நின்று டிவியைப் பார்த்தான்.

"இப்ப சரியா இருக்கேன் மாமா," என்றான்.

பிச்சையா குனிந்து அவனைப் பார்த்தார், டிவியைப் பார்த்தார், பிறகு மகள் பக்கம் திரும்பினார்.

"பிரமு, மாப்பிள்ளை தலைக்கு ஒரு தலையாணி கொண்டா. படம் முடிய மூணு மணி நேரம் ஆவும்."