மௌனச்சாமியின் கடைசிக் கவளம்

முன்னொரு காலத்தில், அரசனுக்குக் கோபம் வந்தால் ஒரு தலை உருளும், கருணை வந்தால் பல தலைகள் உருளும் என்றிருந்த ஒரு நாட்டில், மகுடவர்மன் என்றொரு ராஜா இருந்தான். ஒருநாள் காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது அவனுக்குத் திடீரென்று கருணை வந்துவிட்டது.

அன்றோடு அரண்மனைச் சமையலறையில் மீன்சட்டியைக் கவிழ்த்துவிட்டார்கள். நந்தவனத்துக்குக் 'கருணைவனம்' என்று பெயர் மாறியது. ராஜா தும்மினால்கூட அதற்கு ஒரு சட்டம் எழுதி நீட்டுகிற தர்மாதிகாரி அவிநாசியார், இதற்கும் உடனே எழுதி நீட்டினார். 'கருணைவனத்துக்குள் ஓர் உயிரைக் கொல்பவர் யாராயினும், கொல்லத் துணைபோகிறவர் யாராயினும், மனிதராயினும் விலங்காயினும், யானைக்காலில் இடறப்படுவார்.' கருணைக்கு யானைக்கால் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர்தான் முதலில் போயிருப்பார்.

அந்த வனத்துத் தாமரைக்குளத்தில் ஓர் ஆமை இருந்தது. அது குஞ்சாக இருந்தபோது, அரசவை விகடகவி தாண்டவன் ஆற்றங்கரையில் கண்டெடுத்துத் துண்டில் முடிந்து கொண்டுவந்தது. எப்போது பார்த்தாலும் கண்ணை மூடிக்கொண்டு கிடக்கும். ராஜாவுக்கு அது தவமாகத் தெரிந்தது. 'மௌனச்சாமி' என்று பெயர் வைத்தான். ஓட்டின்மேல் சந்தனம் பூசினான். தினமும் தன் கையாலேயே வாழைப்பழமும் கீரையும் ஊட்டினான். வேட்டைக்குப் போகிற வேலையும் இல்லாமல் போனதால் அவனுக்கு நேரம் நிறைய இருந்தது.

தாண்டவன் மட்டும் ஒருநாள் ஆமையின் ஓட்டை விரலால் அழுத்திப் பார்த்தான். அமுங்கியது. ராஜாவிடம் சொன்னான்.

"தவத்தால் உடல் கனிகிறது, மன்னர் பெருமானே" என்றார் அவிநாசியார். ராஜாவும் தலையாட்டிவிட்டான்.

அவிநாசியாருக்குத் தாண்டவன் என்றாலே வயிற்றெரிச்சல். இரவெல்லாம் கண்விழித்து அவர் எழுதுகிற சட்டத்துக்கு ராஜா ஒரு 'உம்' மட்டும் கொட்டுவான். தாண்டவன் மூக்கைச் சொறிந்தால் போதும், விழுந்து விழுந்து சிரிப்பான். எந்த மனிதருக்குத்தான் பொறுக்கும்?

அவருக்கும் ஒரு நாள் வாய்த்தது. பக்கத்து நாட்டுத் தூதர்கள் வந்திருந்தார்கள். ராஜா அவர்களைக் குளக்கரைக்கு அழைத்துப் போய், "எங்கள் நாட்டில் ஆமைகூட ஓர் உயிரை நோகடிக்காது" என்று சொல்லி வாழைப்பழத்தை நீட்டினான். மௌனச்சாமி மெல்லக் கழுத்தை நீட்டியது. பழத்தைத் தாண்டியும் நீட்டியது. அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த தவளையை ஒரே கவ்வாகக் கவ்வி, இரண்டு கால்களும் வெளியே துடிக்கத் துடிக்க விழுங்கியது.

தூதர்கள் அங்கவஸ்திரத்தால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். தோள்கள் மட்டும் குலுங்கின. ராஜாவின் முகம் கருத்துவிட்டது.

அன்றே சபை கூடியது. "சட்டம் சட்டம்தான்" என்றான் ராஜா. "நாளை மாலை யானைக்கால்."

தாண்டவன் எழுந்தான். "மன்னர் பெருமானே, அது ஆமை. தவளையைத் தின்னாமல் தத்துவமா பேசும்?"

சபையார் வழக்கம்போல ராஜாவின் முகத்தைப் பார்த்தார்கள். ராஜா சிரிக்கவில்லை. ஆகவே யாரும் சிரிக்கவில்லை.

அவிநாசியார் தொண்டையைச் செருமினார். "கொலைகாரனை இந்த வனத்துக்குள் கொண்டுவந்தவர் விகடகவி. துணைபோன குற்றம் அவரையும் சேரும். ஆயினும் அடியேனுக்கும் கருணை உண்டு. சட்டத்தில் ஓர் எழுத்தையும் மாற்றாமல் அவர் ஆமையைக் காப்பாற்றட்டும். முடியாவிட்டால், தம் வேடிக்கைகளை மூட்டை கட்டிக்கொண்டு நாட்டைவிட்டுப் போகட்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்றான் ராஜா. அவமானத்தில் இருந்தவன் வேறென்ன சொல்வான்.

"ஒரே ஒரு விண்ணப்பம்" என்றான் தாண்டவன். "அதுவரை கைதியைக் குளத்திலேயே காவலில் வைக்க வேண்டும். தண்ணீரில்லாச் சிறையில் அது யானை வருமுன்பே போய்விடும்." ராஜா அதற்கு மட்டும் ஒப்புக்கொண்டான்.

வீட்டில் தாண்டவனின் மனைவி சிட்டம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். "ஏன்யா, ஒரு ஆமைக்காகவா ஊரவிட்டுப் போகணும்? ராஜா கால்ல விழுந்து, புத்தி கெட்டுப் பேசிட்டேன் சாமின்னு சொல்லிட்டு வர வேண்டியதுதானே?"

"விழலாம் சிட்டம்மா. ஆனா நாளைக்கு யானை காலத் தூக்கும்போது அது என்ன பண்ணும் தெரியுமா? தலைய உள்ள இழுத்துக்கும். ஓடு காப்பாத்தும்னு நம்பி இழுத்துக்கும். அந்த ஓடு இப்ப இளகின வெல்லக்கட்டி கணக்கா அமுங்குது. அத நெனச்சா எனக்குச் சோறு எறங்கல."

சிட்டம்மா எழுந்து, ஊரைவிட்டுப் போகப் பாத்திரங்களை மூட்டை கட்ட ஆரம்பித்தாள். பிறகு அவன் தொடாமல் வைத்திருந்த தட்டைப் பார்த்ததும் மறுபடியும் கோபம் வந்தது. "சாகப்போற திருடனுக்குக்கூட என்ன வேணும்னு கேட்டுப் போடுறாங்க. இங்க கேக்காமலே போட்டாலும் தின்ன ஆளில்ல!"

தாண்டவன் தட்டை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தான். மறுசோறும் கேட்டான்.

சிட்டம்மா திகைத்துப் போனாள். "இப்ப மட்டும் எப்படி எறங்குது?"

"வழி கெடச்சிருச்சு. நீ பாத்திரத்தக் கட்டாத."

"கட்டி வைக்கிறேன். அவுக்குற வேலைய நீ பாத்துக்க" என்றாள் அவள்.

சிட்டம்மா சொன்னது அந்த நாட்டின் பழைய வழக்கம். மரண தண்டனை பெற்றவன் எதைத் தின்ன ஆசைப்படுகிறானோ, அதன் முதல் கவளத்தை அவன் இருக்கும் காவலிலேயே ராஜா தன் கையால் கொடுக்க வேண்டும். ராஜா காய்ச்சலில் கிடந்தால் தர்மாதிகாரி கொடுப்பார். கொடுத்த பிறகுதான் தண்டனை. கொடுக்கும்வரை ராஜாவும் உண்ணக்கூடாது. மகுடவர்மனின் பாட்டனார், ஒரு கொள்ளைக்காரன் மாசியில் மாம்பழம் கேட்டான் என்று சித்திரை வரை அவன் கழுத்தைக் காத்துவைத்தவர். பாவம், அதுவரை அவரும் கஞ்சித்தண்ணீரில்தான் கிடந்தாராம்.

மறுநாள் காலையில் தாண்டவன் இந்த வழக்கத்தைச் சொன்னபோது யாராலும் மறுக்க முடியவில்லை. எல்லோரும் குளக்கரைக்குப் போனார்கள். வெளிவாசலில் யானை கரும்பு தின்றுகொண்டு நின்றது.

ராஜா வெள்ளித்தட்டோடு படியில் உட்கார்ந்தான். வாழைப்பழம் வைத்தான். மௌனச்சாமி தலையை வெளியே நீட்டவில்லை. பசலைக்கீரை வைத்தான். நீட்டவில்லை. பூசணிப்பூ, வெள்ளரிப்பிஞ்சு, சர்க்கரைப்பொங்கல் என்று ஒவ்வொன்றாக வந்தது. வெயில் ஏறியது. ராஜாவின் வயிறு சத்தம் போட்டது. காவலர்கள் கேட்காதது மாதிரி ஆகாயத்தைப் பார்த்தார்கள். தாண்டவன் மட்டும் கைகட்டி அசையாமல் நின்றான். ஆமைக்கு இன்று பார்த்து வாழைப்பழத்தின்மேல் ஆசை வந்துவிட்டால் எல்லாம் போச்சு.

தவளையை ருசி பார்த்துவிட்ட ஆமைக்கு அப்படிப்பட்ட ஆசை வரவில்லை.

வெயில் சாய்ந்த பிறகு ராஜா தட்டைக் கீழே வைத்தான். "தாண்டவா, இதற்கு என்னதான் வேண்டும்?"

"சொல்ல நா கூசுகிறது, பெருமானே. படிக்கட்டு ஓரத்துச் சேற்றில் நெளிகிறதே, அந்த மண்புழுதான் வேண்டும்."

ராஜா கையை வெடுக்கென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டான். "நானா? உயிருள்ள புழுவை நானா கொடுப்பது?"

"கொடுக்க வேண்டாம், பெருமானே. கொடுக்காவிட்டால் கடைசி ஆசை தீராது. ஆசை தீராதவரை தண்டனை இல்லை. அதுவரை தங்களுக்கும் சாப்பாடு இல்லை. ஆமைகள் நெடுங்காலம் உயிர் வாழும் என்கிறார்கள்."

ராஜா எச்சில் விழுங்கினான். அவிநாசியாருக்கோ, ஜெயித்த ஆட்டம் கைநழுவுகிறதே என்று உடம்பெல்லாம் பதறியது. "மன்னருக்கு இயலாதபோது தர்மாதிகாரி கொடுக்கலாம் என்பதும் வழக்கந்தானே!" என்று கத்திக்கொண்டே படியிறங்கினார். பட்டாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டார். சேற்றில் கைவிட்டு, நல்ல கொழுத்த புழுவாகப் பார்த்துப் பிடித்து ஆமையின் முன்னால் ஆட்டினார்.

மௌனச்சாமியின் கழுத்து வெளியே வந்தது. புழு போய்விட்டது. அவிநாசியாரின் விரல்நுனியும் கொஞ்சம் போயிருக்கும். அவர் உதறிக்கொண்டதால் தப்பியது.

"ஆசை தீர்ந்தது! யானையைக் கொண்டு வாருங்கள்!" என்றார் விரலைச் சூப்பிக்கொண்டே.

"கொண்டு வரட்டும்" என்றான் தாண்டவன். "ஆனால் இப்போது குற்றவாளிகள் இருவர். சற்றுமுன் கருணைவனத்துக்குள் ஒரு புழு செத்தது. கொல்பவர் யாராயினும், துணைபோகிறவர் யாராயினும். தாங்கள் எழுதியதுதானே, ஐயா?"

அவிநாசியாரின் விரல் வாயிலேயே நின்றுவிட்டது. "நான்... நான் மன்னருக்காக அல்லவா கொடுத்தேன்? என் கை மன்னரின் கை!"

"அப்படியானால் யானைக்காலில் மன்னரையா படுக்கச் சொல்கிறீர்கள்?"

"ஐயையோ! இல்லை, இல்லை! இது என் கைதான்!"

"சரி. சட்டத்தில் ஓர் எழுத்தையும் மாற்றக்கூடாது என்றும் தாங்களே சொன்னீர்கள். இந்தக் குற்றத்துக்கு மன்னிப்பு உண்டென்றால் இருவருக்கும் உண்டு. இல்லையென்றால் இருவருக்கும் இல்லை. என்ன சொல்லப் போகிறீர்கள், ஐயா?"

வெளியே யானை ஒருமுறை பிளிறியது. அவிநாசியார் சேற்றோடு சேறாக மண்டியிட்டார். சட்டம் எழுதி எழுதிப் பழகிய வாயல்லவா, வாதம் தானாக வந்தது. "மன்னர் பெருமானே! அந்த ஆமைக்குப் பகையா, பேராசையா? பசி, பெருமானே, வெறும் பசி! தவளையும் புழுவும் தின்கிற பிறவியாகவே அது பிறந்தது. அது கேட்டா பிறந்தது? கீரையையே போட்டுப் போட்டு அதன் ஓடு அமுங்கிக் கிடக்கிறது, பாருங்கள்! பசித்ததற்கு உணவு கொடுத்தவன் குற்றவாளியா? பசித்துத் தின்றது குற்றவாளியா?" பேசப் பேச அவருக்கே கண்ணீர் வந்துவிட்டது.

"நேற்றிலிருந்து நான் சொல்ல நினைத்ததெல்லாம் இதுதான்" என்றான் தாண்டவன். "ஐயா என்னைவிட அழகாகச் சொல்லிவிட்டார்."

ராஜா குனிந்து ஆமையின் ஓட்டைத் தொட்டான். விரல் அமுங்கியது. அவன் முகம் வாடிப்போனது. "அன்பாக ஊட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டு நானே இதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொன்றிருக்கிறேனா, தாண்டவா?"

"இன்னும் கொல்லவில்லை, பெருமானே. நத்தையும் மீனும் கொடுத்தால் தேறிவிடும்."

ராஜா நிமிர்ந்தான். மூக்கில் சேறும் கண்ணில் நீருமாக மண்டியிட்டிருந்த தர்மாதிகாரியைப் பார்த்தான். அவ்வளவுதான், அடக்க முடியாமல் வெடித்துச் சிரித்தான். படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவன் சிரித்ததும் காவலர்கள், சபையார், யானைப்பாகன் எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பிலேயே சட்டம் திருந்தியது. பசித்துத் தின்னும் பிராணிகளுக்கும் அவற்றுக்கு இரை கொடுப்பவர்களுக்கும் அது இனி இல்லை. மௌனச்சாமிக்குத் தினமும் நத்தை பொறுக்கிவந்து ஊட்டும் பதவி, தொழில் தெரிந்தவர் என்ற காரணத்தால் அவிநாசியாருக்கே போனது.

தன் முத்துமாலையைக் கழற்றித் தாண்டவன் கழுத்தில் போட்ட ராஜா கேட்டான்: "ஓர் ஆமைக்காக நாட்டையே விட்டுப் போகத் துணிந்தாயே, ஏன்?"

"பெருமானே, நான் ஒன்று சொன்னால் சபையார் தங்கள் திருமுகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சிரிக்கிறார்கள். நான் சொன்னது நன்றாயிருந்ததா இல்லையா என்று எனக்குத் தெரிவதே இல்லை. இந்த அரண்மனையில் யார் முகத்தையும் பார்க்காதது இது ஒன்றுதான். இதை ஒருநாள் சிரிக்கவைக்காமல் நான் எப்படி ஊரைவிட்டுப் போவேன்?"

ராஜா மறுபடியும் சிரித்தான். சபையாரும் சிரித்தார்கள்.

மௌனச்சாமி சிரிக்கவில்லை. தாண்டவன் மாலையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, அதன் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, தனக்குத் தெரிந்ததிலேயே நல்ல வேடிக்கைக் கதையை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தான். வீட்டில் சிட்டம்மா பாத்திரங்களைத் தானே அவிழ்த்துக்கொண்டாள்.