தாலிக்கு இடமில்லாத ஹார்ட் டிஸ்க்

கடற்கரைப் பக்கம் ஓர் ஊர். பெயரைச் சொன்னால் அப்புறம் யாரும் அங்கே பெண் கொடுக்க மாட்டார்கள், அதனால் வேண்டாம். அந்த ஊரில் சீனிப்பாண்டி, தவசி, முத்துக்காளை என்று மூன்று பேர் கூட்டாகக் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைத்தார்கள்.

எடுத்ததையெல்லாம் போட்டு வைக்க, செத்துப்போன கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்று இருந்தது. அதற்குள் நடுவில் தடுப்பு வைத்த மாதிரி டி, ஈ என்று இரண்டு டிரைவ். பெண் வீட்டார் டி-யில். மாப்பிள்ளை வீட்டார் ஈ-யில். சம்பந்திகளை ஒரே இடத்தில் தங்க வைத்தால் சண்டை வரும் என்பது தவசியின் கட்சி.

மீன் ஏலம் விடுகிற வெயிலுகந்தாள் மகளுக்குக் கல்யாணம் முடிந்தது. தாலி கட்டுகிற காட்சி மட்டும் வாடகைக் கேமராவின் கார்டில் பாக்கி. சாயங்காலம் கேமராக்காரர் கார்டோடு கேமராவை வாங்கிப் போய்விடுவார். டிஸ்க்கில் ஏற்றப் பார்த்தால், டி-யில் பாதிக்குத்தான் இடம். ஈ-யிலும் பாதிக்குத்தான்.

“பாதிய இங்க, பாதிய அங்க வெட்டிப் போடுவமா?” என்றான் முத்துக்காளை.

“வாயக் கழுவுடா! தாலிய வெட்டுறதா?” என்று பதறினான் சீனிப்பாண்டி. “வெயிலக்கா நம்மள வெட்டிரும்.”

கம்ப்யூட்டர் கடை இசக்கிக்குப் போன் போட்டார்கள்.

“ரொம்ப லேசு அண்ணாச்சி. ஈ-ல உள்ளத வேற இடத்துக்கு மாத்துங்க. ஈ-ய அழிச்சிட்டு, அந்த இடத்த டி-யோட சேருங்க” என்றான் அவன்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அப்ப மாப்பிள்ளை பொண்ணு வீட்டுக்குப் போறாரு” என்றான் தவசி மெதுவாக. “வீட்டோட மாப்பிள்ளை.”

“ஊர் சிரிக்குமே! டி-ய அழிச்சி ஈ-யோட சேப்போம்” என்றான் சீனிப்பாண்டி.

“முடியாது அண்ணாச்சி. டிஸ்க்குல டி இடப்பக்கம், ஈ வலப்பக்கம். வலப்பக்கத்து இடத்தத்தான் இடப்பக்கத்தோட சேக்க முடியும்” என்றான் இசக்கி.

சீனிப்பாண்டி யோசித்தான். பிறகு டிஸ்க்கைக் குப்புறப் புரட்டி வைத்தான். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் டி-யின் பெயரை ‘மாப்பிள்ளை வீடு’ என்று மாற்றினார்கள். மானம் தப்பியது.

அடுத்து, ஈ-யில் உள்ளதை எங்கே மாற்றுவது? ஊரெல்லாம் தேடி ஓய்ந்தபோது முத்துக்காளை கேமராவைக் கையில் எடுத்தான்.

“இந்தக் கார்டு பெருசுதான. உள்ள என்னமோ கெடக்கு, அத அழிச்சிட்டா தாராளமா இருக்கும்.”

அழித்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் கார்டில் வந்து தங்கினார்கள். ஈ போனது, டி வளர்ந்தது. எல்லோரையும் அதில் குடியேற்றிய பிறகும் மைதானம் மாதிரி இடம் கிடந்தது. டீ வாங்கிக் குடித்தார்கள்.

“சரி, தாலி கட்டுறத ஏத்து” என்றான் சீனிப்பாண்டி.

முத்துக்காளை கார்டைப் பார்த்தான். தவசி முத்துக்காளையைப் பார்த்தான். வாசலில் வெயிலுகந்தாள் நின்றாள்.

“எங்கடா எம் மக தாலி?”

“பொண்ணு கழுத்துல பத்திரமா இருக்குக்கா” என்றான் சீனிப்பாண்டி.

அவளும் அதே ஊர்க்காரிதானே. நடந்ததைக் கேட்டுத் தலையாட்டினாள். “சரி, நாளைக்கி இன்னொரு தடவ கட்டச் சொல்லுதேன். ஆனா அன்னிக்கி அழுதவுக அத்தன பேரும் வந்து அழுதாகணும்.”

கேமராவுக்கு இன்னொரு நாள் வாடகை கொடுத்தார்கள். மறுநாள் அழுதார்கள். முன்னைவிட நன்றாகவே அழுதார்கள். கேமராக்காரர் வாசலில் ஹாரன் அடிக்க அடிக்க, சீனிப்பாண்டி ஓடிவந்து வீடியோவை ஏற்றினான். இடம் போதவில்லை என்றது டிஸ்க்.

“நேத்து மைதானமா கெடந்துச்சேடா!”

தவசி தொண்டையைச் செருமினான்.

“ராத்திரி பூரா ரெண்டு சம்பந்தியும் ஒரே எடத்துல கெடந்தா அடிதடி ஆயிருமேன்னு, நாந்தான் நடுவுல பழையபடி தடுப்பு வச்சேன்.”