எட்டு நாள் வாரம்

முன்னொரு காலத்திலே ஆலங்காவு நாட்டை உக்கிரவர்மன் என்றொரு ராசா ஆண்டு வந்தான். நல்ல ராசாதான், கிறுக்குதான் கொஞ்சம் அதிகம். செவ்வாய்க்கிழமை விடிந்தால் அறைக் கதவைச் சாத்திக்கொள்வான். பெற்ற தாயே வந்து நின்றாலும் அன்றைக்கு முகம் காட்டமாட்டான்.

அந்த அரண்மனையில் நாள் எண்ணிச் சொல்லும் உத்தியோகம் மார்க்கசகாயத்துக்கு. நூறாம் நாள் என்ன கிழமை என்று கேட்டால், சனி, ஞாயிறு, திங்கள் என்று நூறு நாளையும் விரல்விட்டு எண்ணித்தான் சொல்வார். நேரமாகும். ஆனால் பன்னிரண்டு வருஷத்தில் ஒரு நாள் பிசகியதில்லை. அதனால் சபை கூடியதும் ராசா முதல் வெற்றிலையைத் தன் கையாலேயே மடித்து அவருக்குக் கொடுப்பான். அந்த ஒரு வெற்றிலைக்காகவே மனுஷர் உயிரோடு இருந்தார் என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

இப்படியிருக்க வந்து சேர்ந்தான் ஆவுடையான். வளையல் வியாபாரி. ஏழு கிழமைக்கு ஏழு ஊர்ச் சந்தை, அப்புறம் மறுபடி முதல் ஊர் என்று வருஷக்கணக்காகச் சுற்றியவன். எத்தனை நாள் சொன்னாலும், இத்தனை சுற்று போக மிச்சம் இத்தனை நாள் என்று கேட்டவர் வாய் மூடுவதற்குள் கிழமையைச் சொல்லிவிடுவான். ராசா அசந்துபோனான். "இவனல்லவா மந்திரி!" என்று பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டான். மறுநாள் சபையில் முதல் வெற்றிலை யாருக்குப் போயிற்று? ஆவுடையானுக்குத்தான்!

மார்க்கசகாயத்துக்கு வயிறு பற்றி எரிந்தது. "வளையல் விற்ற பயலுக்கு என் வெற்றிலையா?" என்று பொருமினார். வீட்டில் சோறு இறங்கவில்லை. பெண்டாட்டி பரிந்து மடித்துக் கொடுத்த வெற்றிலையையும் தட்டிவிட்டார். ஆவுடையான் சிரித்தால் எரிச்சல், கும்பிட்டால் அதைவிட எரிச்சல். ஒரே ஒரு தடவை அவனுக்கு முந்திப் பதில் சொல்லிவிட வேண்டும், அப்போது தெரியும் சேதி என்று மனசுக்குள் கறுவிக்கொண்டே இருந்தார்.

யோசித்து யோசித்து ஒரு குறுக்கு வழியும் கண்டுபிடித்தார். சனிக்குச் சனி எட்டாம் நாள் என்றுதானே ஊரெல்லாம் சொல்கிறது? எட்டெட்டாகத் தள்ளிக்கொண்டே போனால் தீர்ந்தது, விரல் எதற்கு?

ஒரு சனிக்கிழமை பக்கத்து நாட்டு ராசாவிடமிருந்து ஓலை வந்தது. "தங்கள் மகளைப் பெண் பார்க்க வருகிறோம். இந்த ஓலை கிடைத்த நாளை முதல் நாளாக எண்ணி, இருநூறாம் நாள் வந்து சேருவோம்" என்றிருந்தது.

"ஐயையோ, அது செவ்வாயாக இருந்தால் என்ன செய்வது?" என்று பதறினான் உக்கிரவர்மன்.

"சனிக்கிழமை மகாராஜா, சனிக்கிழமை!" துள்ளி எழுந்தார் மார்க்கசகாயம். "இருபத்தைந்து எட்டு இருநூறு. மிச்சமே இல்லை. தாராளமாக வரச் சொல்லுங்கள்!"

"மன்னிக்கணும் ஐயா, அது செவ்வாய்க்கிழமை" என்றான் ஆவுடையான், மெதுவாக.

மார்க்கசகாயத்துக்கு உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை கொதித்தது. "பந்தயம்! தோற்றவன் ஜெயித்தவனுக்குப் பத்து வாரம் வெற்றிலைப் பெட்டி தூக்க வேண்டும். சம்மதமா?"

"ஐயா பெரியவர். பந்தயமெல்லாம் எதற்கு?"

"பார்த்தீர்களா மகாராஜா, பயந்துவிட்டான்!"

ராசாவுக்கு வேடிக்கை என்றால் போதுமே. "பந்தயம் நடக்கட்டும்!" என்று தொடையைத் தட்டினான்.

ஆவுடையான் எழுந்து சபையைப் பார்த்தான். "இன்று சனி. ஒருவரை அடுத்த சனிக்கு வரச் சொல்ல வேண்டுமானால் எத்தனையாம் நாள் வா என்போம்?"

"எட்டாம் நாள்!" என்றது சபை.

"அதற்கும் அடுத்த சனிக்கு?"

எங்கே அவனே சொல்லிப் பேர் வாங்கிவிடுவானோ என்று மார்க்கசகாயத்துக்குப் பொறுக்கவில்லை. எல்லாருக்கும் முந்திக்கொண்டு, "பதினைந்தாம் நாள்! இதுகூடத் தெரியாதா?" என்று கத்தினார்.

"பதினாறு இல்லையா ஐயா? இரண்டு எட்டு பதினாறாயிற்றே?"

மார்க்கசகாயம் அவசரமாக விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். பதினைந்தில்தான் வந்து நின்றது.

"முதல் வாரத்தை முடித்த சனியேதான் இரண்டாம் வாரத்தைத் தொடங்குகிறது. ஐயா அதை இரண்டு தடவை எண்ணிவிட்டார்" என்றான் ஆவுடையான். "ஏழேழாகப் போனால் இருபத்தெட்டு சுற்றுக்கு நூற்றுத் தொண்ணூற்றாறு நாள். அடுத்த நாள் சனி. பிறகு ஞாயிறு, திங்கள், இருநூறாம் நாள் செவ்வாய்."

சபை கொல்லென்று சிரித்தது. ராசா சிரிக்கவில்லை. "அடப்பாவி! மாப்பிள்ளை வந்து மூடின கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்பானே! என் மகள் கதி என்னாகியிருக்கும்?" என்றான். உடனே, ஒரு நாள் தள்ளிப் புதன்கிழமை வரும்படி பதில் ஓலை போயிற்று.

பிறகு ராசா மார்க்கசகாயம் பக்கம் திரும்பினான். "பத்து வாரம் பெட்டி தூக்க வேண்டும் என்றீரே, எந்தக் கணக்கில் தூக்குகிறீர்? உம்முடைய வாரத்துக்கு எட்டு நாள், மொத்தம் எண்பது. மந்திரியின் வாரத்துக்கு ஏழு நாள், எழுபது. எது சரி என்று சபையறியச் சொல்லும்."

மார்க்கசகாயம் மனசுக்குள் கணக்குப் போட்டார். எட்டு என்றால் அதிகப்படியாகப் பத்து நாள் அந்தப் பெட்டி. ஏழு என்றால் மானம் போச்சு. "ஏழுதான் மகாராஜா. மந்திரி கணக்குதான் சரி" என்றார்.

மறுநாளிலிருந்து வெற்றிலைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆவுடையான் பின்னால் நடந்தார். ராசா மடித்த முதல் வெற்றிலை தினமும் அவர் கண்ணெதிரே அவன் வாய்க்குள் போயிற்று.

அந்த எழுபது நாளை அவர் எப்படி எண்ணினார் தெரியுமா? பழையபடி விரல்விட்டு, ஒவ்வொரு நாளாக. ஒரு நாள்கூடப் பிசகவில்லை!