கடலுக்குள் கட்டிய துறைமுகங்கள்

தூத்துக்குடிப் பக்கத்து உயர்நிலைப் பள்ளி ஒன்றில் தாமோதரன் சார் புவியியல் ஆசிரியர். பழைய இந்திய வரைபடத்தின் அளவுக்கு, துறைமுகங்கள் வரும் இடங்களில் ஓட்டை போட்ட அட்டை ஒன்று வைத்திருந்தார். அதை விடைத்தாளின் மேல் வைப்பார். ஓட்டைக்குள் புள்ளி தெரிந்தால் மார்க், தெரியாவிட்டால் முட்டை. இந்த வருடம் அச்சாகி வந்த வரைபடம் கொஞ்சம் சிறியது. அதை அவர் கவனிக்கவில்லை.

அரையாண்டுத் தேர்வில் வகுப்பில் பலருக்கும் முட்டை விழுந்தது; மீனவர் வீட்டு அல்போன்சாவுக்கும்தான்.

"ஏட்டி, கடற்கரையிலே பிறந்தும் துறைமுகம் தெரியலையா?"

"அட்டை இல்லாம ஒரு தடவை பாருங்க சார்."

"என் அட்டை பொய் சொல்லாது!" என்று அவள் தாளின் மேலேயே வைத்துக் காட்டினார். ஓட்டைகளில் வெறும் கடல்தான் தெரிந்தது. "திருப்புதல் தேர்வில் வரைபடத்துக்கு முழு மார்க் எடு. இல்லைன்னா அரசுத் தேர்வுக்கு அனுப்ப மாட்டேன்."

திருப்புதல் தேர்வில் அவள் முழு மார்க் எடுத்தாள். தன் கண்டிப்பின் பலனைச் சார் தலைமையாசிரியையிடம் கொண்டுபோய்க் காட்டினார்.

"என்ன சார், துறைமுகமெல்லாம் தண்ணிக்குள்ளே கிடக்கு?"

அல்போன்சாவைக் கூப்பிட்டார்கள்.

"கரையிலே வச்சேன் டீச்சர், முட்டை போட்டாங்க. கடலுக்குள்ளே தள்ளினேன், முழு மார்க் போட்டாங்க. எங்கப்பா படகை எங்கே கட்டணும்னுதான் சார் இன்னும் சொல்லலை."

தலைமையாசிரியை அட்டையை வாங்கித் தம் மேசைக்குள் வைத்துப் பூட்டினார். அல்போன்சா அரசுத் தேர்வுக்குப் போனாள். சார், வகுப்பின் தாள்களையெல்லாம் முதல் முறையாகக் கண்ணால் பார்த்துத் திருத்த உட்கார்ந்தார்.