மாப்பிள்ளை உடைத்த தேங்காய்

சென்னியப்பன் புதுக் காரை எடுத்துக்கொண்டு சாமியைப் பார்க்க ஊருக்கு வெளியே இருக்கும் பாறைக் கரட்டுக்கு வந்தான். வந்தவன் உட்கார வேண்டாமா? உட்காருவான், எழுந்திருப்பான், பாறை ஓரத்துக்குப் போய்க் கீழே எட்டிப் பார்ப்பான். கீழே புளியமரத்தடியில் கார் நின்றது. அது எங்கேயும் ஓடிப்போகவில்லை.

கரட்டுச் சாமியும் அவனும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். அவர் சாமியானது வேறு கதை. ஊரே அவரைக் கும்பிட ஆரம்பித்ததும் சென்னியப்பனும் கும்பிட ஆரம்பித்தான். அன்றிலிருந்து வாங்க, போங்கதான். சாமிதான் பழைய பழக்கத்தை விடவில்லை. இன்னும் டா போட்டுத்தான் பேசுவார்.

நான் சாமிக்கு ஒத்தாசையாக இருக்கிறவன். தண்ணீர் தூக்கி வைப்பேன், பாறையைக் கூட்டுவேன், மற்ற நேரம் வாயை மூடிக்கொண்டு கிடப்பேன். அன்றைக்கும் அப்படித்தான் கிடந்தேன்.

"என்னடா, எறும்புப் புத்து மேல உக்காந்தாப்பல நெளியற?" என்றார் சாமி.

"கண்ணாடி போச்சுங்க சாமி."

"எந்தக் கண்ணாடி?"

"காருக்கு முன் கண்ணாடிங்க. விரிசல் உட்டுப்போச்சு. மொதல்ல ஒரு வெரல் நீளந்தான் இருந்துது. இப்ப சாணுக்கு மேல போயிட்டுது. காலையில பாத்தா ஒரு அளவு, பொழுதோட பாத்தா ஒரு அளவு. டேப் ஒட்டிக்கூடப் பாத்தேன். உள்ளுக்குள்ளயே ஊருதுங்க."

"மாத்திப்போடு."

"ஷோரூம்ல சொல்லியாச்சுங்க. கண்ணாடி கம்பெனியில இருந்து வரணுமாம்." எழுந்து போனான், எட்டிப் பார்த்தான், திரும்பி வந்தான். "அதுக்கில்லீங்க சாமி. பூச போட்ட அன்னிக்கே இப்பிடி ஆயிப்போச்சே. இந்தக் காருல ஏறலாமா, கூடாதா? அத மட்டும் சொல்லுங்க. படுத்தா தூக்கம் வரமாட்டேங்குது. கண்ண மூடுனா அந்த விரிசல்தான் வந்து நிக்குது."

"யாரு ஒடச்சது?"

"என்ற மாப்ளைங்க."

மாப்பிள்ளை என்று அவன் சொன்னது மருமகனை இல்லை. மனைவி வசந்தாமணியின் தம்பி நாச்சிமுத்துவை.

"எப்படி?"

"கோயல் வாசல்ல தேங்கா ஒடைக்கச் சொன்னேங்க. சும்மா தட்டுனாப் போதாதா? ஓங்கி அடிச்சான். ஓட்டுச் சில்லு தெறிச்சு வந்து கண்ணாடியில பட்டுது."

"நீ என்ன சொன்ன?"

"கோவத்துல என்னமோ சொன்னேன்."

"என்ன?"

"ஞாபகம் இல்லீங்க."

பச்சைப் பொய். ஊருக்கே ஞாபகம் இருந்தது.

சென்னியப்பன் அந்தக் காரை வாங்கியதே மகள் பிருந்தாவுக்காகத்தான். அவளுக்குத் தலைப்பிரசவம். வருகிற ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டில் வளைகாப்பு. வளையல் போட்டதும் புதுக் காரில் உட்கார வைத்து அவளைத் தன் வீட்டுக்கு அழைத்து வரவேண்டும் என்று ஆசைப்பட்டான். ஆசையில் ஒன்றும் தப்பில்லை. மாரியம்மன் கோயில் முன்னால் காரை நிறுத்தி, மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழமும் வைத்தாயிற்று. தேங்காயை யார் உடைப்பது என்று பூசாரி கேட்டார். சென்னியப்பனே பெருந்தன்மையாக, "என்ற மாப்ள ஒடைக்கட்டும். பிள்ளைக்குத் தாய்மாமன்" என்றான்.

நாச்சிமுத்துவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. பூரிப்பில் கொஞ்சம் பலமாகத்தான் அடித்துவிட்டான். டொக்கென்று ஒரு சத்தம். எல்லோரும் கண்ணாடியைப் பார்த்தார்கள். சென்னியப்பன் அத்தனை பேர் முன்னாலும் கத்தினான்.

"உன்ற கையி தொட்டது எதுடா வெளங்கியிருக்குது?"

நாச்சிமுத்துவுக்குப் பிள்ளை இல்லை. அவன் மனைவி தெய்வாத்தாளுக்கு உண்டாகி உண்டாகித் தங்காமல் போனது. அது சென்னியப்பனுக்குத் தெரியாதா? ஆஸ்பத்திரிக்குக் கூடப் போய் நின்றவனே அவன்தான். அந்த வாய்தான் இந்தச் சொல்லையும் சொன்னது.

நாச்சிமுத்து தன் கையைப் புரட்டிப் பார்த்தான். துண்டில் துடைத்துக்கொண்டு நடந்தே வீட்டுக்குப் போய்விட்டான். மறுநாள் அக்காவுக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பினான். முதல் வளையல் நான் போட மாட்டேன், என் கை ஆகாத கை, குழந்தைக்கு எதுவும் வந்துவிடக் கூடாது, வேறு யாரையாவது வைத்துக்கொள்ளுங்கள் என்று. அவர்கள் குடும்பத்தில் முதல் வளையல் தாய்மாமன்தான் போட வேண்டும். வேறு யாரை வைத்துக்கொள்வது?

கரட்டில் இந்தப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தபோது சென்னியப்பனின் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தான். மடியில் வைத்தான். அது நிற்காமல் அடித்தது.

"யாருடா?"

"என்ற பிள்ளை பிருந்தாங்க."

"எடுத்துப் பேசு."

எடுத்தான். அந்தப் பிள்ளை பேசியது பாறை முழுக்கக் கேட்டது.

"அப்பா, மாமா வருவாங்களா?"

"வருவான் கண்ணு. மொதல்ல இந்தக் கண்ணாடிய மாத்திட்டா எல்லாம் சரியாயிரும். ஷோரூம்ல..."

"யாருப்பா கண்ணாடியக் கேட்டா?"

"இல்ல கண்ணு..."

"மாமா வராம நான் மணையில உக்கார மாட்டேன். வர்றவங்களுக்கு நீங்களே பதில் சொல்லிக்குங்க." குரல் உடைந்துபோய் வைத்துவிட்டாள்.

சென்னியப்பன் எழுந்தான். வழக்கம்போலப் பாறை ஓரத்துக்குப் போனான். காரைப் பார்த்தான். திரும்பி வந்து, "கேட்டீங்களா சாமி? ஒரு சில்லு என்ன பாடு படுத்துது பாருங்க" என்றான்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு விளக்குமாற்றைத் தூக்கி எறிந்திருப்பேன். சாமி என்னைப் பார்த்தார். வேலையைப் பார் என்பது அதற்கு அர்த்தம்.

"நேத்து யாரோ தேங்கா கொண்டாந்து வெச்சாங்களே. ரெண்டையும் எடுத்துட்டு வா" என்றார்.

எடுத்து வந்தேன். ஒன்றைச் சென்னியப்பன் கையில் கொடுத்தார்.

"ஒடை."

"எதுக்குங்க சாமி?"

"சட்னிக்கு."

சென்னியப்பனுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. தேங்காயோடு பாறை மேட்டுக்குப் போனான். சாமியும் போய் அவனுக்கு எதிரே நின்றார். ரொம்பக் கிட்டத்தில் நின்றார்.

"சில்லு ஒண்ணும் என் மேல படாம ஒடை."

"அதெப்படிங்க? அது போற போக்கு நம்ம கையிலயா இருக்குது?"

"உன்ற மாப்ளைக்குத் தெரியல. உனக்குத் தெரியும்னு நெனச்சேன்."

சென்னியப்பனுக்குச் சுருக்கென்றது. உதட்டைக் கடித்துக்கொண்டு குனிந்தான். பதமாகத்தான் அடித்தான், நான் பார்த்தேன். காய் உடையவில்லை. இன்னொரு தட்டு. அதற்கும் உடையவில்லை. மூன்றாவதாக வாகு பார்த்து ஓங்கி ஒரு போடு போட்டான். தண்ணீர் சிதறியது, ஓடு பிளந்தது. சாமி கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

கையை எடுத்தார். கண்ணுக்குக் கீழே கோடு போட்டது போல ரத்தம்.

"ஐயோ, சாமி!" சென்னியப்பன் ஓடிவந்து துண்டால் ஒற்றினான். "வேணும்னு பண்ணலீங்க. சத்தியமா வேணும்னு பண்ணலீங்க. ஐயோ, ஒரு வெரக்கட மேல பட்டிருந்தா கண்ணு போயிருக்குமே. கீழ டாக்டருகிட்ட போலாம் வாங்க. நான் ஒரு பாவி..."

"காய் நல்ல முத்தல்" என்றார் சாமி. குனிந்து ஒரு பத்தையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

பிறகு இரண்டாவது தேங்காயை எடுத்து அவன் கையில் வைத்தார். போய்ப் பழையபடி அதே இடத்தில் நின்றார்.

"இதையும் ஒடை."

"வேண்டாங்க."

"ஒடைடா."

"தள்ளியாவது நில்லுங்க சாமி. உங்களுக்குக் கோடிப் புண்ணியம்."

"எதுக்குத் தள்ளி நிக்கோணும்?"

"மறுக்கா பட்டுருச்சுன்னா? ஒருக்காப் பட்டது போதாதா? என்ற கையி..."

சொல்லைப் பாதியில் நிறுத்திவிட்டான்.

தேங்காய் கையிலேயே இருந்தது. சாமி அசையவில்லை. கன்னத்தில் ரத்தம் மெல்ல இறங்கியது, அவர் துடைக்கவும் இல்லை. சென்னியப்பன் தன் கையைப் பார்த்தான். அன்றைக்கு நாச்சிமுத்து பார்த்தானே, அதே மாதிரி புரட்டிப் பார்த்தான். அப்புறம் பாறையிலேயே பொத்தென்று உட்கார்ந்துவிட்டான். வந்ததிலிருந்து அவன் ஒழுங்காக உட்கார்ந்தது அப்போதுதான்.

தேங்காயை மடியில் வைத்துக்கொண்டு, "இத நான் ஒடைக்கலீங்க சாமி" என்றான். "இதுக்கு வேற ஆளு இருக்குது."

சாமி துண்டை உதறித் தோளில் போட்டார். "ஏறலாமா கூடாதான்னு கேட்டயே. நான் ஏறறேன். வண்டிய எடு."

பின் சீட்டில் நானும் ஏறிக்கொண்டேன். புது வாசனை போகாத கார். முன் கண்ணாடியில் ஓட்டுகிறவன் முகத்துக்கு நேராக விரிசல் ஓடியது. அதன் மேல் இவன் ஒட்டிய டேப் வேறு அசிங்கமாகத் தெரிந்தது. சென்னியப்பன் ஸ்டீயரிங்கைத் தட்டிக்கொண்டே வந்தான். ஒவ்வொரு குழிக்கும் அவன் கண் விரிசலுக்குப் போய்விட்டு வந்தது. ஒரே நாளில் மாறுகிறவனா மனிதன்?

நாச்சிமுத்து தோட்டத்து வீட்டு வாசலில் எருமைக்குச் சோளத்தட்டு அறுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். கார் வந்து நிற்கவும் நிமிர்ந்தான். அவன் கண்ணும் முதலில் விரிசலுக்குத்தான் போனது. தலையைக் குனிந்துகொண்டான்.

சாமி இறங்கி வேப்பமரத்தடிக் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் நின்றேன்.

"வாங்க மச்சான்" என்றான் நாச்சிமுத்து. "கண்ணாடி விரிசல் இன்னும் பெருசாயிருச்சாட்ட இருக்குது."

"கண்ணாடியை உடு மாப்ள." சென்னியப்பன் தேங்காயை நீட்டினான். "இத ஒடை."

நாச்சிமுத்து பாம்பைக் கண்டவன் போலப் பின்னால் போனான். "வேண்டாம் மச்சான். ஒருக்கா ஒடச்சது போதும்."

"நான் பேசுனது பேச்சில்ல மாப்ள." சென்னியப்பன் நீட்டிய கையை இறக்கவில்லை. "நாலு பேரு முன்னால பேசிப்போட்டேன். யாருகிட்டப் பேசறோம், எதப் பேசறோம்னு ஒரு நிதானம் வேண்டாம்? காரு கண்ணுக்குத் தெரிஞ்சுது, நீ தெரியல. என்னைச் செருப்பாலயே அடி. ஆனா இத வாங்கு."

"நீங்க சொன்னது ஒண்ணும் பொய்யில்லியே மச்சான்" என்றான் நாச்சிமுத்து. அமைதியாகத்தான் சொன்னான்.

வாசல்படியில் தெய்வாத்தாள் நின்றாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். "குடுக்கறாங்கல்ல" என்றாள் புருஷனிடம். "வாங்குங்க."

நாச்சிமுத்து வாங்கினான். காருக்கு முன்னால் துணி துவைக்கிற கல் கிடந்தது. அதனிடம் போய் நின்றான். கல்லுக்கும் காருக்கும் நடுவில் இரண்டு எட்டு இருந்தால் அதிகம்.

அப்போதுதான் சென்னியப்பன் ஒரு காரியம் செய்தான். "ஒரு நிமிசம் மாப்ள" என்று சொல்லிவிட்டுக் கார்க் கதவைத் திறந்து உட்கார்ந்தான். சாவியைத் திருகி ரிவர்ஸ் போட்டான்.

நாச்சிமுத்துவின் கை கீழே இறங்கிவிட்டது. அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கட்டிலில் இருந்து சாமி குரல் கொடுத்தார்.

"டேய் சென்னியப்பா. நான் தள்ளி நின்னனாடா?"

கார் உறுமிக்கொண்டே நின்றது. சென்னியப்பன் திரும்பிச் சாமியின் கன்னத்தைப் பார்த்தான். ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. வண்டியை அணைத்தான். இறங்கினான். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

"ஒடை மாப்ள. நல்லா ஓங்கியே ஒடை."

நாச்சிமுத்து அவனையே பார்த்தான். பிறகு ஓங்கினான்.

காய் நேர்பாதியாகப் பிளந்தது. தண்ணீர் இரண்டு பேர் கால்களிலும் தெறித்தது. கார்ப் பக்கம் டொக்கென்று ஒரு சத்தம். எங்கள் எல்லோருக்கும் கேட்டது. தெய்வாத்தாள் 'அம்மா' என்று நெஞ்சில் கை வைத்தாள். நாச்சிமுத்து கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு அப்படியே குனிந்து நின்றான்.

சென்னியப்பன் அவன் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினான். இரண்டு கையாலும் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஞாயித்துக்கெழம நேரமே வந்துரு மாப்ள. பிள்ளை காத்துக்கிட்டு இருப்பா. மொத வளையல் இந்தக் கையிதான் போடோணும்."

நாச்சிமுத்து கண்ணைத் திறந்தான். "வர்றேன் மச்சான்" என்றான். சொல்லிவிட்டு அழுதுவிட்டான். சென்னியப்பனும் அழுதான். நான் எதற்கு மறைக்க வேண்டும், நானும்தான்.

சாமி கட்டிலை விட்டு எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார்.

"ஏண்டா, சத்தம் கேட்டுதே. கண்ணாடிக்கு என்னடா ஆச்சு?"

சென்னியப்பன் மாப்பிள்ளையின் கையை இன்னும் விடவில்லை.

"பாக்கலீங்க சாமி" என்றான்.