செம்பில் வந்த கடல்

"பத்து மணிக்குள்ள பனிகிட்ட போய்ச் சேர்ந்திரலாமா அம்மா?" என்று வடிவாம்பாள் கேட்டாள்.

கேட்டவளுக்கு வயது அறுபத்திரண்டு. பூரணி அம்மாவுக்கு நாற்பதுகூட இருக்காது. இமயமலையில், பனியாறு பார்க்கப் போகிற வழியில் இருந்த அந்தச் சின்ன ஆசிரமத்தில் வயதில் மூத்தவள்தான் கீழே உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அதில் குறையில்லை. குரு குருதான்.

"அந்த இடத்துக்குப் போயிரலாம்," என்றார் பூரணி அம்மா.

காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்திருந்ததை அவள் படித்துக் காட்டினாள். விடியக் கிளம்புவது. ஏழுக்குப் பாலத்தடியில் இட்லிப்பொடி தடவிய சப்பாத்தி. பத்துக்குப் பனி. பதினொன்றுக்குத் திரும்பிவிட வேண்டும். வெயில் ஏறினால் பனி உருகி ஓடையில் இடுப்பளவு தண்ணீர் வந்துவிடுமாம்.

"முட்டிவலி எத்தனை மணிக்குன்னு போடலையே?" என்றார் பூரணி அம்மா.

இருவரும் சிரித்தார்கள்.

வழியெல்லாம் வடிவாம்பாளின் கணவர் நோட்டில் எழுதி வைத்தது. நாற்பது வருஷத்துக்கு முன்னால் வந்து போனவர். சிவப்புப் பாறையைச் சுற்றினால் பனிச்சுவர், இரண்டு கையையும் அதன்மேல் வைத்துக் கும்பிட்டேன் என்று எழுதியிருந்தார். உன்னையும் ஒருநாள் கூட்டிப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தவர், கடைசிப் பெண்ணின் கல்யாணம் முடிந்த கையோடு போய்ச் சேர்ந்துவிட்டார்.

ராமேஸ்வரத்தில் அவர் சாம்பலைக் கரைத்த இடத்திலேயே ஒரு செம்புத் தண்ணீர் மொண்டு, வாயைத் துணியால் கட்டி, பனியில் ஊற்றக் கொண்டுவந்திருந்தாள்.

அதைப் பையின் அடியில் வைத்தாள். பூரணி அம்மா எடுத்து அவளிடமே கொடுத்தார்.

"இது கையில இருக்கட்டும்."

மறுநாள் எல்லாம் எழுதினபடியே நடந்தது. பத்தடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது சிவப்புப் பாறை வந்தது. ஓடாத குறையாக அதைச் சுற்றினாள்.

பனி இல்லை.

கல். கண்ணுக்கு எட்டின மட்டும் சாம்பல் நிறக் கல். நடுவே கலங்கின ஓடை. எங்கோ தூரத்து மலைமடிப்பில் வெள்ளையாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது.

வழி தப்பிவிட்டோம் என்றாள். நோட்டைப் புரட்டினாள். பாறையில் யாரோ பெயிண்டால் ஒரு கோடு போட்டு, கீழே வருஷம் எழுதியிருந்தார்கள். நோட்டில் இருந்த அதே வருஷம்.

"பனி அன்னைக்கு நின்ன கோடு," என்றார் பூரணி அம்மா.

வடிவாம்பாள் அப்படியே உட்கார்ந்தாள். சுவர் இருந்திருக்க வேண்டிய இடத்தில் ஒரு கையை நீட்டினாள். காற்றுதான் இருந்தது.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"அவுக தொட்ட பனி எங்க போச்சும்மா?"

பூரணி அம்மா ஓடையைக் காட்டினார்.

"இது எங்க போகுது?" என்று அவரே கேட்டார்.

"கங்கைக்கு."

"கங்கை?"

"கடலுக்கு. நம்ம ராமேஸ்வரத்து..."

வடிவாம்பாள் நிறுத்தினாள்.

பூரணி அம்மா அவள் மடியிலிருந்த செம்பைப் பார்த்தார்.

துணிமுடிச்சை அவிழ்க்கப் போன விரல் பாதியில் நின்றது.

பிறகு இரண்டு கையையும் செம்பின்மேல் வைத்தாள்.